நாலாம் நாள் ஊசியும் நர்ஸ்களின் கிளப்பும்

மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்து எழுந்தவரின் புறங்கையைப் பார்த்தாலே போதும், எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்று சொல்லிவிடலாம். டிரிப்ஸ் ஏற்றுவதற்காகப் பொருத்தும் சின்ன பிளாஸ்டிக் குழாய், வார்டு பாஷையில் 'வென்ஃப்ளான்', முதல் நாள் இடது கையில் இருக்கும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அதைக் கழற்றிவிட்டு வலது கையில் வேறொன்று போடுவார்கள்.

"நல்லாத்தானே ஓடுது சிஸ்டர், எதுக்கு எடுக்கறீங்க?" என்று பாட்டி கேட்பார்.

"மூணு நாளைக்கு மேல வைக்கக் கூடாது பாட்டி. அது ரூல்."

பிறகு நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தி, மூன்றாவது இடத்தில் கிடைக்கும். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார். குத்துகிற சிஸ்டருக்கும் அது சந்தோஷமான வேலை இல்லை.

அந்த ரூலை எதை வைத்துப் போட்டார்கள்? பாட்டிக்கு மட்டுமல்ல, சிஸ்டருக்கும் பெரும்பாலும் தெரியாது. படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள், வேலைக்குச் சேர்ந்த வார்டிலும் அப்படியே செய்கிறார்கள், அவ்வளவுதான். குழாய் நாள்கணக்கில் உள்ளே இருந்தால் ரத்தநாளம் வீங்கும், கிருமி ஏறும் என்ற பயம்தான் காரணம். நியாயமான பயம். ஆனால் மூன்று நாள் என்ற கணக்கு சரிதானா என்று யாராவது சோதித்துப் பார்க்க வேண்டுமே?

பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், மூன்று மருத்துவமனைகளில், 3,283 நோயாளிகளை வைத்து. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கிளேர் ரிக்கார்ட் என்ற நர்ஸிங் பேராசிரியர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயை மாற்றினார்கள். மற்றவர்களுக்கு வலி, வீக்கம், அடைப்பு என்று ஏதாவது காரணம் வந்தால் மட்டுமே மாற்றினார்கள். 2012-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. ரத்தநாள வீக்கம் இரண்டு பக்கமும் அதே 7 சதவீதம். நாள் பார்த்து மாற்றியதால் வீக்கம் குறையவில்லை, ஊசிக்குத்துதான் கூடியது.

இந்தச் செய்தி, பாட்டி படுத்திருக்கும் வார்டுக்கு எந்த வழியாக வந்து சேரும்? சர்க்குலராக வரப் பல வருஷம் ஆகலாம். கம்பெனிக்காரர் வந்து சொல்ல மாட்டார். குழாய் குறைவாக விற்பதில் அவருக்கு என்ன ஆதாயம்? இதற்காகவே ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் ஜர்னல் கிளப். மாதம் ஒருமுறை நாலைந்து பேர் கூடி, ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து, "இதை நம்பலாமா, நம்ம வார்டுக்கு ஒத்துவருமா" என்று பேசுவது.

கிளப் என்றதும் சீட்டாட்டம் ஞாபகம் வந்தால் தப்பில்லை. 1830-களில் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் மாணவர்கள், ஆஸ்பத்திரி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடை மாடியில் சின்ன அறை பிடித்து மருத்துவ இதழ்களைப் படித்தார்கள். சாயங்காலம் சிலர் அங்கே சீட்டும் ஆடினார்கள் என்று, பிற்பாடு பெரிய சர்ஜனான ஜேம்ஸ் பேஜெட் எழுதிவைத்திருக்கிறார். 1875-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்லர் முறையாக ஒரு கிளப் தொடங்கியதற்குக் காரணம் இன்னும் எளிமையானது. இதழ்களின் சந்தா தனி ஆளுக்குக் கட்டுப்படியாகவில்லை. பங்கு போட்டு வாங்கினார்கள். ஒரே வார இதழ் ஒரு தெரு முழுக்கக் கை மாறிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

அதெல்லாம் டாக்டர்களின் கிளப். நர்ஸ்களுக்கும் இதழ்கள் நேற்று வந்தவை அல்ல. அமெரிக்காவில் 1900-ல் ஒன்று வந்தது. இந்தியாவிலேயே 'நர்ஸிங் ஜர்னல் ஆஃப் இந்தியா' 1910-ல் தொடங்கிவிட்டது. இதழுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. வார்டு பக்கத்து அறையில் உட்கார்ந்து நாலு சிஸ்டர்கள் அதைச் சேர்ந்து படிக்கும் பழக்கம்தான் பல இடங்களில் இன்னும் வரவில்லை.

கேள்வி முதலில், கட்டுரை பிறகு

ஜர்னல் கிளப் தொடங்குபவர்கள் வழக்கமாக முதல் அடியிலேயே சறுக்குவார்கள். பெரிய இதழ் ஒன்றைத் திறந்து, தலைப்பு கம்பீரமாக இருக்கும் கட்டுரையாக எடுப்பார்கள். ஏதோ ஒரு மூலக்கூறு, ஏதோ ஒரு மரபணு. வந்திருக்கும் பத்துப் பேரில் ஒருவர் பேச, ஒன்பது பேர் தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் ஆறு பேர் வருவார்கள்.

கேள்வியை வார்டிலிருந்து எடுத்தால் இந்தக் கதை வேண்டாம். நர்ஸ் ஸ்டேஷனில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். "இதை ஏன் இப்படிச் செய்யறோம்?" என்று யாருக்குத் தோன்றினாலும் ஒரு வரி எழுதலாம். ஒரு மாதத்தில் நோட்டு நிறைந்துவிடும். ஓடாத சமயத்தில் வென்ஃப்ளான் அடைக்காமலிருக்க ஹெப்பாரின் மருந்து செலுத்த வேண்டுமா, வெறும் சலைன் போதாதா? ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர்கூடக் கொடுக்காமல் எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும்? மூச்சுக்குழாய் வைத்திருப்பவரின் வாயை எதனால் துடைப்பது? எல்லாம் தினம் செய்கிற வேலைகள். ஒவ்வொன்றுக்கும் யாரோ எங்கோ சோதனை செய்து எழுதியிருக்கிறார்கள்.

ஹெப்பாரின் கேள்வியே நல்ல உதாரணம். கையில் போடும் குழாய்க்குச் சாதாரண உப்புத் தண்ணீர், அதாவது சலைன், ஹெப்பாரின் அளவுக்கே வேலை செய்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 1991-லேயே நர்ஸிங் இதழில் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ வார்டுகளில் ஹெப்பாரின் பழக்கம் வருஷக்கணக்கில் தொடர்ந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாரும் அதைப் படிக்கவில்லை, அவ்வளவே.

நோட்டில் எழுதிய கேள்வியைக் கொஞ்சம் கூர்மையாக்க வேண்டும். எந்த நோயாளிக்கு, என்ன செய்தால், எதைவிட, எந்த விஷயத்தில் நல்லது? இந்த நாலும் இருந்தால் இணையத்தில் தேடுவது சுலபம். 'பப்மெட்' தளத்தில் யாரும் காசில்லாமல் தேடலாம். சில கட்டுரைகள் முழுதாகவும் கிடைக்கும். கோக்ரேன் என்ற உலகளாவிய அமைப்பு, ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைச் சலித்துத் தொகுத்துத் தருகிறது. அதன் எளிய சுருக்கங்களில் சில தமிழிலேயே இருக்கின்றன. இது பலருக்குத் தெரியாது. அரசுக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனை என்றால் இன்னொரு வழியும் உண்டு. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் வழியாகக் கல்லூரி நூலகத்தில் என்னென்ன இதழ்கள் திறக்கின்றன என்று நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். நூலகர்கள் இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருப்பவர்கள்.

நாற்பது நிமிஷம் யாருடையது?

கட்டுரை கிடைத்துவிட்டது. எப்போது கூடுவது? பாதி கிளப்புகள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன.

டியூட்டி முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். சொல்வதற்கு நன்றாக இருக்கும். காலை டியூட்டி முடித்த சிஸ்டருக்கு இரண்டரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்றே காலுக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை வரும் நேரம். வீட்டில் மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டும். அந்த நாற்பது நிமிஷம் ஆஸ்பத்திரியின் நேரம் இல்லை, ஒரு குடும்பத்தின் நேரம். அதைக் கேட்கிற கிளப்புக்கு, வீட்டில் வேறு ஆள் இருக்கிறவர்கள் மட்டுமே வருவார்கள்.

அதனால் டியூட்டி நேரத்துக்குள் வைப்பதுதான் நியாயம். காலை ஷிஃப்டும் மதிய ஷிஃப்டும் ஒன்றாக இருக்கும் சமயத்தில், ஹேண்டிங் ஓவர் முடிந்தபின், வார்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு. இதற்கு நர்ஸிங் சூப்பிரண்டெண்ட் மேடத்தின் சம்மதம் வேண்டும். வாய்ச் சம்மதம் போதாது. டியூட்டி ரோஸ்டரில் ஒரு வரியாக ஏற வேண்டும். தொடர்கல்வி மணிக்கணக்கில் இதைச் சேர்க்க வழி இருந்தால் அதையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடலாம். நைட் டியூட்டிக்காரர்களை மறந்துவிடக் கூடாது. அவர்களுக்காக அதே கட்டுரையை மறுநாள் காலை ஏழரைக்கு இருபது நிமிஷம் பேசும் இடங்களும் உண்டு. கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் நைட்டில்தான் பல விதிகள் மீறப்படுகின்றன. நைட்டில்தான் அவை ஏன் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்பதும் தெரிகிறது.

தொடங்க ஐந்தாறு பேர் போதும். ஆஸ்பத்திரி முழுக்க அழைப்பிதழ் அடித்து, குத்துவிளக்கு ஏற்றி, டீனைக் கூப்பிட்டுத் தொடங்கிய கிளப்புகள் அந்த முதல் கூட்டத்தோடு நின்றுவிடுவது வழக்கம்.

டீ, பிஸ்கட் செலவைக் கிளப்பே பார்த்துக்கொள்வது நல்லது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி சமோசாவோடு வரத் தயாராக இருப்பார். சமோசா வந்தால் சில மாதத்தில் கட்டுரையும் அவரே கொண்டுவருவார்.

தமிழில் பேசினால் என்ன?

கட்டுரை ஆங்கிலத்தில்தான் இருக்கும். பேச்சும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பதினைந்து வருஷம் வார்டில் இருந்த சீனியர் சிஸ்டர், ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் வாயே திறக்க மாட்டார். தமிழில் விட்டால், கட்டுரை எழுதியவர்களுக்கே தோன்றாத ஓட்டையை இரண்டு நிமிஷத்தில் காட்டிவிடுவார்.

ஒரு வாரத்துக்கு முன்னால் கட்டுரையை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். கூடவே ஒரே பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம். அதை எழுதுபவர் மாதாமாதம் மாற வேண்டும். இப்போதெல்லாம் ஏ.ஐ.யிடம் கேட்டால் நொடியில் சுருக்கம் தந்துவிடுகிறதே என்பார்கள். தரும். எண்களைச் சில சமயம் தப்பாகவும் தரும். மேலும், அந்த ஒரு பக்கத்தை எழுதப் பட்ட பாட்டில்தான் எழுதியவர் கட்டுரையைக் கற்றுக்கொள்கிறார். குழுவில் எந்த நோயாளியின் பெயரும், போட்டோவும், கேஸ் ஷீட்டும் வரக் கூடாது என்பதை முதல் நாளே கறாராகச் சொல்லிவிட வேண்டும்.

புள்ளியியல் பயம் எல்லோருக்கும் உண்டு. முதல் வருஷம் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். சமையலறைக் கணக்கே பாதி தூரம் கொண்டுபோய்விடும். இரண்டு கூட்டமாகப் பிரித்தார்களே, யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போலப் பிரித்தார்களா, அல்லது டாக்டர் இஷ்டத்துக்குப் பிரித்தாரா? தொடங்கும்போது இருந்தவர்கள் எல்லோரும் முடிவுவரை இருந்தார்களா, நடுவில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர்? எதை எண்ணினார்கள்? "பாதியாகக் குறைந்தது" என்று எழுதியிருந்தால், எதிலிருந்து எதற்குக் குறைந்தது? 100 பேரில் 20 பேருக்கு வந்தது 10 ஆனாலும் பாதிதான். 1,000 பேரில் 2 பேருக்கு வந்தது 1 ஆனாலும் பாதிதான். முதலாவது நாளைக்கே வார்டை மாற்ற வேண்டிய செய்தி. இரண்டாவதுக்கு இன்னொரு டீ குடித்துவிட்டு யோசிக்கலாம். இதற்கு மேல் சிக்கல் வந்தால், மருத்துவக் கல்லூரி என்றால் சமூக மருத்துவத் துறையில் கணக்குத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார்.

மெத்தை எந்த மெத்தை?

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும் என்பது நர்ஸிங்கில் அரிச்சுவடிப் பாடம். வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது தெரியும். ராத்திரி அலாரம் வைத்து எழுந்து புரட்டும் மருமகள்கள் எத்தனையோ பேர்.

2013-ல் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்கள், 942 பேர். சிலரை 2 மணிக்கு ஒருமுறை, சிலரை 3 மணிக்கு, சிலரை 4 மணிக்கு ஒருமுறை புரட்டினார்கள். மூன்று வாரம் பார்த்ததில் புண் வந்தவர்கள் மொத்தமே 2 சதவீதம் அளவுதான். மூன்று கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைக் கேட்டதும் ஓர் இளம் நர்ஸ், "அப்ப நாலு மணிக்கு ஒருதடவை போதும்" என்று துள்ளுவார். இந்த இடத்தில்தான் சீனியர் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்பார்: "அவங்க படுத்திருந்தது எந்த மெத்தை?"

கட்டுரையைப் புரட்டினால் விடை இருக்கிறது. அத்தனை பேரும் படுத்திருந்தது அடர்த்தி மிகுந்த ஃபோம் மெத்தை. இங்கே வார்டில் இருப்பது ரெக்சின் உறை கிழிந்த, நடுவில் பள்ளம் விழுந்த மெத்தை என்றால் அந்தக் கட்டுரை அந்தக் கட்டிலுக்காக எழுதப்பட்டதே அல்ல. அங்கே புரட்டுவது ரோஸ்டர்படி நடந்தது, எழுதிவைத்தார்கள், சரிபார்த்தார்கள். இங்கே நாற்பது கட்டிலுக்கு நைட்டில் ஒரே சிஸ்டர் என்றால் இரண்டு மணிக் கணக்கே காகிதத்தில்தான் இருக்கும். அந்தக் கூட்டத்திலிருந்து வரவேண்டியது "நாலு மணி" என்ற புது விதி அல்ல. நல்ல மெத்தை கேட்டு ஒரு கடிதம். அதோடு அந்தக் கட்டுரையை இணைத்து அனுப்பினால், "சிஸ்டருங்க எப்பவும் கேட்டுட்டேதான் இருப்பாங்க" என்று ஒதுக்குவது அவ்வளவு சுலபம் இல்லை.

வென்ஃப்ளானுக்குத் திரும்பினால்

2012 கட்டுரையோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு வசதி! அதற்குப் பிறகு கோக்ரேன் தொகுப்பு 2019-ல் 9 ஆய்வுகளை, 7,412 பேரைச் சேர்த்துப் பார்த்தது. அதிலும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. "நாள் கணக்கு வேண்டாம், தேவைப்பட்டால் மாற்றலாம்" என்று பல மருத்துவமனைகள் மாறின.

ஸ்விட்சர்லாந்தின் ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனைகளும் 2018-ல் அப்படி மாறின. மாறியபின் என்ன நடக்கிறது என்று விடாமல் எண்ணிக்கொண்டும் இருந்தார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்களின் கணக்கு. ரத்தத்தில் கிருமி ஏறுவது, மிக அரிதாக நடப்பதுதான், கூடிவிட்டது. பழைய நாள்கணக்கு முறைக்கே திரும்பினார்கள். கிருமித் தொற்று மறுபடி குறைந்தது. 2021-ல் இதை எழுதினார்கள்.

ஆக, எதை நம்புவது? ஒரு நல்ல கிளப்புக்கு இதைவிடச் சுவையான மாலை கிடைக்காது. ஆஸ்திரேலியாவில் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்; அது பலம். ஆனால் பல ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கும் விஷயம் 3,283 பேரில் கண்ணுக்குத் தெரியுமா? ஜெனிவாவில் எண்ணிக்கை பெரியது, அரிதானதும் தெரியும். ஆனால் அங்கே குலுக்கல் இல்லை. முன்னே, பின்னே என்று காலத்தை வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். அந்த இடைவெளியில் வேறு ஏதாவது மாறியிருக்கலாமே?

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று வார்டிலிருந்து வரும். "தேவைப்பட்டால் மாற்றலாம்" என்றால், தேவைப்படுகிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாராவது குனிந்து பார்க்க வேண்டும். பிளாஸ்டருக்கு அடியில் சிவந்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். பார்க்க ஆள் இருக்கும் வார்டில் அந்த முறை பாட்டிக்கு நல்லது. ஆள் இல்லாத வார்டில் நாள்கணக்குதான் ஒரு பாதுகாப்பு வேலி. ஒரு கட்டுரையைப் படித்த வேகத்தில் மறுநாளே வேலியைப் பிடுங்கியிருந்தால் யார் விலை கொடுத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் கிளப்பில் பேசியதை யாரும் தனியாகப் போய்ச் செய்து பார்க்கக் கூடாது. முதலில் எண்ண வேண்டும். ஒரு மாதம், ஒரே வார்டில், ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை வென்ஃப்ளான் போட்டோம், எத்தனாவது நாள் எடுத்தோம், ஏன் எடுத்தோம், எத்தனை பேருக்குச் சிவந்தது, புதிது போட எத்தனை முறை குத்தினோம். அந்தக் கணக்கோடு மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் கமிட்டிக்குப் போக வேண்டும். பல சமயம் அந்தக் கணக்கே ஆச்சரியம் தரும். மருந்து முடிந்து இரண்டு நாள் ஆகியும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று யாரும் எடுக்காமல் விட்ட குழாய்கள் எத்தனை என்று முதல்முறையாகத் தெரியவரும். அவற்றை எடுப்பதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

மூன்றாம் மாதக் கண்டம்

குழந்தைக்குப் பாலாரிஷ்டம் போல இந்தக் கிளப்புகளுக்கும் ஒரு கண்டம் உண்டு. மூன்றாம் மாதம்.

தொடங்கியவர் ஒருவரே மூன்று முறையும் பேசியிருப்பார், களைத்துவிடுவார். அல்லது மேலிடத்தில் உற்சாகமாகி, வருகைப் பதிவேடு வைத்து, வராதவர்களுக்கு மெமோ கொடுக்கத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் வருவார்கள், யாரும் பேச மாட்டார்கள். இன்னொன்று, கேள்வி கேட்கும் தொனி. "இதுகூடத் தெரியாதா?" என்று சீனியர் ஒருவர் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதற்குப் பிறகு வாய் திறக்க ஒரு வருஷம் ஆகும். நடத்துபவரின் முதல் வேலை, பாடம் எடுப்பதல்ல. பேசாதவரைப் பேச வைப்பது. "அக்கா, உங்க வார்டுல இது எப்படி நடக்குது?" என்று கேட்டால் பேசாதவர்கள் கிடையாது.

ஆண் நர்ஸ்கள், தொற்றுத் தடுப்பு நர்ஸ், பிஸியோதெரபிஸ்ட், சில சமயம் ஒரு ஹவுஸ் சர்ஜன் என்று விருந்தாளிகள் வரலாம். டாக்டர் வந்தால் ஒரு சிக்கல்: அவர் பேசத் தொடங்கியதும் மற்றவர்கள் குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அவரைக் கடைசியில் பேசச் சொல்வது பழைய தந்திரம். நன்றாகவே வேலை செய்கிறது.

நிர்வாகத்துக்குக் கொஞ்சம் கசக்கும் கட்டுரைகளும் வரும். 2014-ல் 'லான்செட்' வெளியிட்ட லிண்டா ஐக்கனின் ஆய்வு அப்படிப்பட்டது. ஐரோப்பாவின் 9 நாடுகள், 300 மருத்துவமனைகள், ஆபரேஷன் செய்துகொண்ட 4,22,730 நோயாளிகள். ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதோடு அது சேர்ந்து வருகிறது என்றது. தினமும் உடம்பில் உணர்கிற விஷயத்தை முதல்முறையாக எண்ணில் பார்க்கிறபோது அறையே அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பிறகு, "இதுவும் குலுக்கல் ஆய்வு இல்லையே, ஆள் குறைவான ஆஸ்பத்திரியில் வேறு குறைகளும் இருந்திருக்கலாமே" என்று ஒருவர் கேட்டாரானால் அந்தக் கிளப் தேறிவிட்டது. தனக்குச் சாதகமான கட்டுரையையும் அதே உரைகல்லில் உரசிப் பார்ப்பது எளிதல்ல; பேராசிரியர்களுக்கே வருவதில்லை.

மழைக்காலத்தில் டெங்கு வார்டு நிரம்பும். அந்த இரண்டு மாதம் கூட்டம் நடக்காது. அதற்காக வருத்தப்படவோ, கிளப் செத்துவிட்டது என்று முடிவுகட்டவோ வேண்டாம். அடுத்த தேதியை மட்டும் நோட்டீஸ் போர்டில் எழுதிவைத்துவிட வேண்டும். பெரிய கட்டுரை படிக்கத் தெம்பு இல்லாத மாதத்தில் கோக்ரேனின் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைச் சத்தமாக வாசித்தாலே பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு நோட்டில் புதிதாக என்ன கேள்வி விழுந்திருக்கிறது என்று பார்க்கலாம்.